தொட்டிக்குள் நின்ற ஏட்டையா

எனக்குத் தண்ணீர் என்றால் டம்ளரில் இருக்க வேண்டும். வாளி வரைக்கும் சமாளித்துவிடுவேன். அதற்கு மேல் போனால் நெஞ்சுக்குள் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடிப்பார்கள். இப்படிப்பட்டவன், ஒரு சனிக்கிழமை காலையில், தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்துத் தென்னந்தோப்பில், பம்புசெட் தொட்டிக்குள், மார்பளவுத் தண்ணீரில், வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நின்றேன். ஞானஸ்நானம் எடுப்பதற்காக. வலப்பக்கம் பாஸ்டர். இடப்பக்கம் ஏட்டையா.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் இருந்தது, சபையில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. ஆள் ஒரு இரும்பு பீரோ உயரம், அகலமும் கிட்டத்தட்ட அதேதான். பணியில் இருந்த காலத்தில் ஓடுகிறவர்களைப் பிடித்த கைகள், ஓய்வு பெற்ற பிறகு மூழ்குகிறவர்களைப் பிடித்தன. எங்கள் சபையில் யாருக்கு ஞானஸ்நானம் என்றாலும் பாஸ்டருக்குத் துணையாகத் தொட்டிக்குள் இறங்குவது அவர்தான்.

"பயமா இருக்கா தம்பி?"

"இல்ல ஏட்டையா."

"பொறவு ஏன் என் பனியனைப் பிடிச்சிருக்கீய?"

பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தேன். விட்டேன். விட்ட கை என்னைக் கேட்காமலே திரும்பப் போய்ப் பனியனைப் பிடித்தது.

அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "இந்தா பாருங்க. அமுக்குறது பாஸ்டர். தூக்குறது நான். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. உடம்பை மட்டும் விடுங்க."

தொட்டிக்கு வருகிற எல்லாரிடமும் அவர் இதைத்தான் சொல்வார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் என்னிடம் சொன்னது தப்பான ஆளிடம் சொன்னது. எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நான் ராஜபாளையத்தில் ஆயுள் காப்பீட்டு முகவர். அடுத்தவர் மனத்தில் கொஞ்சம் பயத்தை உண்டாக்கி, அதற்கு நானே உத்தரவாதமும் கொடுக்கிறவன். எனக்கென்று ஒரு உத்தரவாதமும் கிடையாது. ராத்திரிக்குள் நான் செத்துப்போனால் என் ஆத்துமா எங்கே போகும் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசிப்பேன். என் மனைவி, "மொத ரசம் ஊத்தட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க" என்பாள்.

ஆகவே ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாட்களில் நான் செய்யாத ஆயத்தமே இல்லை. உபவாசம் இருந்து, பாலிசி விளக்கப் போன வீட்டில் மயங்கி விழுந்தேன். அந்த வீட்டுக்காரர் பயந்துபோய் உடனே பாலிசி எடுத்தது தனி ஆசீர்வாதம். பின்கட்டில் இருந்த தண்ணீர் டிரம்முக்குள் முகத்தை விட்டு மூச்சடக்கிப் பார்த்தேன்.

"என்னங்க, டிரம்முக்குள்ள என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல. ஒத்திகை பாக்கேன்."

"அது குடிக்கிற தண்ணிங்க!"

இத்தனை ஆயத்தத்தோடு வந்தவனைப் பார்த்து ஒரு வேலையும் இல்லை என்றால் எப்படி?

பாஸ்டர் ஜெபித்தார். என் முதுகுக்குப் பின்னால் ஏட்டையாவின் உள்ளங்கை வந்து பொருந்தியது. ஒரு முறம் அளவு இருக்கும். என்னை மல்லாக்கச் சாய்த்தார்கள். தண்ணீர் காதுக்குள் போன அந்த நொடியில் என் உடம்பு ஒரு முடிவெடுத்தது. எல்லாம் உள்ளே போனது. வலது கை மட்டும் போகவில்லை. அது மேலே பாய்ந்து, தொட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பம்புசெட் குழாயைப் பிடித்துக்கொண்டது.

தோப்புக்காரர் தொட்டிச் சுவரில் சாய்ந்து வேப்பங்குச்சியைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் சபை இல்லை. குலசாமிக்குக் கிடா வெட்டுகிறவர். தொட்டியைக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் தந்த மனிதர். "உங்க ஆளுக பாவத்தையெல்லாம் என் தொட்டியில கழுவிட்டுப் போறீய. அந்தத் தண்ணிதான் தென்னைக்குப் பாயுது. காய் நல்லாத்தான் பிடிக்கி, அதனால கேக்கல" என்பார். நான் மூக்கில் தண்ணீர் வழிய எழுந்தபோது அவர் குரல்தான் முதலில் கேட்டது.

"ஐயா, ஒரு கை பாக்கி!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் அல்லேலூயா என்று யாரோ பாட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஆள் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். துணி மாற்றும்போது பார்க்கிறேன், வலது மணிக்கட்டில் கைக்கடிகாரம். கழற்ற மறந்திருக்கிறேன். தண்ணீர் பட்டால் நின்றுபோகும் சாதாரணக் கடிகாரம். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணி பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது. உடம்பு முழுக்க ரட்சிக்கப்பட்டு வலது கை மட்டும் நரகத்தில் கிடந்தால் என்ன ஆகும்? பாலிசியில் கையெழுத்து வாங்குகிற கை வேறு. அங்கேயும் அதற்கு நல்ல வியாபாரம் இருக்கும்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டேன். ஏட்டையா வீட்டு முற்றத்தில், கொடியில் வெள்ளை அங்கிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஞானஸ்நான அங்கிகளைத் துவைப்பதும் அவர் பொறுப்பு. காலடியில் அவருடைய ராஜபாளையம் நாய், பால் வெள்ளையாக, கம்பீரமாகப் படுத்திருந்தது. வேட்டைச் சாதி என்று பெயர். யார் உள்ளே வந்தாலும் வாலை ஆட்டும்.

விஷயத்தைச் சொன்னேன். முழுசாக இன்னொரு தடவை வேண்டாம், கையை மட்டும் பாஸ்டர் ஒரு தடவை முக்கிவிட்டால் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் நகர்த்தி என் முன்னால் வைத்தார்.

"இந்தா, முக்கிக்கோங்க."

முக்கினேன்.

"நிம்மதியா இருக்கா?"

"இல்ல ஏட்டையா."

"வராது. தண்ணிதான் ரட்சிக்கும்னா, கண்மாய்ல கெடக்குற கெளுத்தி மீனெல்லாம் பரலோகத்துல முன் வரிசையில உக்காந்திருக்கும். கையைத் தொடைங்க. செத்த நேரம் உக்காருங்க, ஒரு ஆளைப் பத்திச் சொல்லுதேன்."

அவர் ஸ்டேஷனில் இருந்தபோது ஒருவனை ஒரு வழக்கில் சேர்த்து, பிறகு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நிபந்தனை. அவனும் ஒழுங்காக வந்தான். வழக்கு முடிந்தது. கோர்ட் அவனை விடுதலை செய்துவிட்டது.

"தீர்ப்பு வந்த மறுநாள் காலையில பாக்கேன், வாசல்ல நிக்கான். என்னலேன்னு கேட்டா, கையெழுத்துப் போட வந்தேன்கான். ஏலே, தீர்ப்பு வந்தாச்சு, இனி நீ வர வேண்டாம்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனான். அடுத்த நாளும் வாரான். 'எதுக்கும் இருக்கட்டும் ஏட்டையா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டே போயிருதேன்'கான். வேலைவெட்டிக்குப் போகாம, கட்டுன பொண்டாட்டியைக் கூட்டிட்டு ஒரு விசேசத்துக்குப் போகாம, காலையில ஆனா ஸ்டேஷன் வாசல்ல நிக்கான். கோர்ட்டு அவனை விட்டுருச்சு. அவன் அவனை விடல."

அந்த ஆள் யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவனுக்குக் கைக்கடிகாரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அவனாவது தப்புப் பண்ணாதவன் தம்பி. நாம பண்ணினவங்க. நமக்கு விழ வேண்டிய தண்டனையை இன்னொருத்தர் சிலுவையில வாங்கிக்கிட்டாரு. தீர்ப்பு எழுதியாச்சு. நீங்க தினமும் போய், எதுக்கும் இருக்கட்டும்னு நிக்கீய. அது பக்தி இல்ல. அவர் செஞ்சு முடிச்சது பத்தலைன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுதது."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"நம்பணும்."

"நம்பத்தான் செய்யுதேன்."

"நேத்து அந்தக் குழாயை விட்டிருந்தீயன்னா, அதுக்குப் பேரு நம்புறது."

ஈரக் கையை இன்னொரு தடவை துடைத்தேன். பிறகு, இனிமேல் நான் சும்மா இருந்தால் போதுமா என்று கொஞ்சம் ஆசையோடு கேட்டேன். அவர் ஈரமாய்க் கனத்துக் கிடந்த ஒரு அங்கியை எடுத்து என் மடியில் போட்டார்.

"யாரு சொன்னா? தண்ணிக்குள்ள போறதுக்கு உங்களுக்கு வேலை இல்ல. வெளிய வந்த பொறவு வேலைதான். பிழிங்க."

அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை. ஆஸ்பத்திரியில் யாருக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும், யாருடைய கட்டிலைத் தூக்கிப் போட வேண்டும், யார் வீட்டுச் சாவுக்குப் பெஞ்சு கொண்டுவர வேண்டும் என்று போன் வந்துகொண்டே இருக்கும். "தம்பி, வாரீயளா?" என்றுதான் ஆரம்பிப்பார். அது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. போய் நின்றால் அவர் எனக்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, பாதி வேலையை முடித்திருப்பார். அந்த முகத்தில் கடமை செய்கிற கடுகடுப்பை நான் பார்த்ததே இல்லை. மகள் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

அவருக்குக் கோபம் வந்து ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் என் மேல்.

கூமாப்பட்டியில் தனியாக இருந்த ஒரு அம்மாவின் வீடு. காலில் ஆறாத சர்க்கரைப் புண். மழையில் வீட்டுக்குள் சேறு வந்திருந்தது. இப்போது கூமாப்பட்டிக்குப் போகிறவர்கள் ஊர் அழகைச் செல்போனில் வீடியோ எடுக்கப் போகிறார்கள். நாங்கள் அப்போது மண்வெட்டியோடு போனோம். ஏட்டையா அந்த அம்மாவின் காலைத் தன் முழங்கால் மேல் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சேற்றை வழித்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வியர்த்து ஊற்றியது. மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏட்டையா, இதெல்லாம் மேல நம்ம பேருக்கு வரவு வைப்பாகள்லா? ஒருவேளை அந்தக் கை விஷயத்துல ஏதாவது இழுபறின்னா, இது கை குடுக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். பாதிதான் வேடிக்கை. மீதிப் பாதியை அவர் கண்டுபிடித்துவிட்டார். எழுந்து வந்து என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போய் பஸ் ஏறுங்க தம்பி."

"ஏட்டையா, நான் சும்மா..."

"இந்த அம்மாவால நடக்க முடியல. வீட்டைப் பெருக்க அது ஒரு காரணம் பத்தாதா உங்களுக்கு? உங்க பயத்துக்கு மருந்தாவா இவிய வீடு? கூலிக்கு வாரவன் எனக்கு வேண்டாம். வீட்டுப்பிள்ளையா வாரதுன்னா வாங்க. இல்லைன்னா நானே பெருக்கிக்கிடுதேன்."

குரல் உயரவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் எதிரே நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்தேன். பஸ் வருகிற வழியாக இல்லை. வந்திருந்தாலும் ஏறியிருப்பேனா தெரியாது. உள்ளே அந்த அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"அந்த ஐயா ஏன் வெளிய போயி உக்காந்துட்டாக? கோவமா?"

"இல்லம்மா. கணக்குப் பாத்துக்கிட்டு இருக்காக. முடிஞ்சதும் வருவாக."

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேனோ, என் ஆத்துமாவைப் பற்றி யோசிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. உள்ளே ஒரு மூலையில் அடுப்பை ஒட்டிச் சேறு அப்படியே கிடப்பது ஞாபகம் வந்தது. காய்ந்தால் வழிக்க முடியாது. அந்த அம்மா அந்தக் காலோடு அதை மிதித்துத்தான் சமைக்க வேண்டும். எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்தேன். ஏட்டையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாட ஆரம்பித்தார். சுதி சேரவில்லை. அவருக்கு என்றைக்குமே சேராது.

அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தபோது சபையில் அதிகம் பதறியது நான்தான். அவருக்குத்தான் நோய் என்பதை எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். காலையில் போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் ஊசியோடு வந்ததும் பீரோ மாதிரி இருந்த அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். கால் விரல்களெல்லாம் மடங்கிக்கொண்டன.

"ஏட்டையா, உங்களுக்குமா பயம்?"

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "இவியளா? என் தலைச்சன் பிரசவத்துல வாசல்ல மயங்கி விழுந்து, டாக்டரு என்னைய விட்டுட்டு இவியளைத்தான் மொத பாத்தாரு" என்றார்.

நர்ஸ் போன பிறகு ஏட்டையா கண்ணைத் திறந்தார். "பயந்தான் தம்பி. ஊசியைப் பாத்தாலே பயம்."

எனக்கு அது பேரிடியாக இருந்தது. இவ்வளவு காலம் இந்த ஆளுக்குப் பயமே கிடையாது, அதனால்தான் விசுவாசம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். விசுவாசி பயப்படலாமா என்று கேட்டே விட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தொட்டியில உங்களைத் தூக்குனேனா இல்லையா?"

"தூக்குனீய."

"பயப்படாத ஆளைத்தான் தூக்குவேன்னு சொன்னேனா?"

"இல்ல."

"உங்க கை எதைப் பிடிச்சிருந்துச்சு?"

"குழாயை."

"நான் எதைப் பிடிச்சிருந்தேன்?"

அதற்கு அவரே பதிலும் சொன்னார்.

"உங்களை. முங்கும்போது நீங்க என்னைப் பிடிக்கவே இல்ல. ஆனாலும் மேல வந்துட்டீய. குழாயைப் பிடிச்ச கையையும் சேத்துத்தான தூக்குனேன்? அந்தக் கையை மட்டும் அங்கயேவா விட்டுட்டு வந்தேன்?" சிரித்தார். நெஞ்சு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நம்ம பிடியை நம்புனா பயந்தான் தம்பி வரும். அவரு பிடியை நம்பணும்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. நான் அதன் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் விடவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அமுக்குறது டாக்டரு. தூக்குறது அவரு. எனக்கு ஒரு வேலையும் இல்ல. கம்பியை விடுங்க."

விட்டேன். கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் டாக்டர் வந்து கையை விரித்தபோது அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "தோத்திரம்" என்றார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வராந்தாவில் நான் வழக்கமாகப் பதறுகிற விஷயத்துக்காகப் பதறவில்லை. அவர் எங்கே போனார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அமுக்கியதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. தூக்கியது அந்தப் பக்கம் நடந்தது. தூக்கினவர் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

மழைக்காலம் கழிந்து அடுத்த ஞானஸ்நானம் வந்தது. அதே தோப்பு, அதே தொட்டி. பாஸ்டர் தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டு கரையைப் பார்த்தார். ஏட்டையா நிற்கிற இடது பக்கம் காலியாக இருந்தது. தோப்புக்காரர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏட்டையா இல்லாம இன்னிக்கு யாரு தூக்குவா?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தென்னை மரம்தான் நின்றது. சைக்கிள் மணி அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. மணி நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

முதல் ஆள் தளவாய்புரத்துக்காரர். லாரி வைத்து ஓட்டுகிறவர், என்னைப்போல் ஒன்றரை மடங்கு. இறங்கின உடனே என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"தண்ணின்னா பயம் இல்லையா?"

"ரொம்பப் பயம்."

"அடப்பாவி மனுசா! பொறவு எந்தத் தைரியத்துல இங்க வந்து நிக்கீய?"

"பயந்த கையும் பிடிக்கும் அண்ணாச்சி. அமுக்குறது பாஸ்டர். தூக்குறது நான். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. உடம்பை மட்டும் விடுங்க."

சாய்த்தோம். அவர் விடவில்லை. என் கழுத்தை ஒரு கையால் வளைத்து என்னையும் பாதி உள்ளே இழுத்தார். இன்னொரு கை மேலே பாய்ந்து குழாயைப் பிடித்தது. என் காதிலும் மூக்கிலும் தண்ணீர். அந்தக் குழப்பத்துக்குள் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் இரண்டு கைகளும் தண்ணீருக்குள், அவர் முதுகுக்கு அடியில் இருந்தன. தூக்கினேன். மலையைப் புரட்டினது மாதிரி இருந்தது. வந்தார்.

"ஐயா, ஒரு கை பாக்கி!" என்று மேலே இருந்து குரல்.

லாரிக்காரர் இருமிக்கொண்டே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "சார், கை நனையல சார். இது செல்லுமா?"

"அதைப் பேசலாம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு வாளி இருக்கு. மொத மேல ஏறி அந்த அங்கியைப் பிழிங்க. பிழிஞ்சுட்டு, வயசான ஒரு ஆளு நிக்காரு பாருங்க, அவருக்குக் கை குடுத்து இறக்கிவிடுங்க."

எல்லாரும் முடித்துக் கரையேறினபோது வெயில் ஏறியிருந்தது. தோப்புக்காரர் தென்னைக்கு மோட்டார் போட வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார்.

"சார், மணி என்ன ஆச்சு?"

கையைத் திருப்பினேன். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. முள் அசையவில்லை. அன்றைக்கும் நான் கழற்ற மறந்திருக்கிறேன்.

"முழுகிருச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் கிட்டே வந்து, குனிந்து, அந்தக் கடிகாரத்தையும் கையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு தொட்டியின் இடது பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏட்டையா, பாக்கி தீந்துச்சு."

சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.